கதை, குதிரை, சிலுவை

கதையின் சக்தியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இலக்கியக்காரர்கள் இரண்டு வாக்கியங்களை எடுத்து வைப்பது வழக்கம். இரண்டும் அமெரிக்க ஜனாதிபதிகள் சொன்னவையாக வழங்குபவை. 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதிய ஹேரியட் பீச்சர் ஸ்டோவை 1862-ல் சந்தித்த லிங்கன், இத்தனை பெரிய யுத்தத்தை உண்டாக்கிய சின்னப் பெண்மணி நீங்கள்தானா என்ற பொருளில் கேட்டாராம். 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தை 1915 பிப்ரவரி 18 அன்று வெள்ளை மாளிகையில் பார்த்த உட்ரோ வில்ஸன், மின்னலால் சரித்திரம் எழுதியதுபோல் இருக்கிறது என்றாராம். ஸ்டோவ் வாஷிங்டன் போனது நிஜம். வெள்ளை மாளிகையில் படம் ஓடியதும் நிஜம். வாக்கியங்களுக்குத்தான் ஆதாரம் இல்லை. லிங்கனுடையது முப்பது வருஷங்களுக்கு மேல் கழித்துத்தான் அச்சில் தலைகாட்டுகிறது. வில்ஸன் அப்படிச் சொன்னார் என்பதற்கு அந்தக் காலத்து நம்பகமான சாட்சியம் ஒன்றும் கிடையாது.

ஆக, கதைக்குச் சக்தி உண்டு என்பதற்கு நாம் காட்டுகிற சான்றுகளே கதைகள். இது வெறும் வேடிக்கை அல்ல. எழுதுகிறவனுக்குத் தன் தொழில் உலகத்தை அசைக்கிறது என்று கேட்க ஆசை. அந்த ஆசை சான்று கேட்காது. இந்த இரண்டு பொய் வாக்கியங்களுக்கும் நடுவே கிடக்கிற ஐம்பது சொச்சம் வருஷத்து மெய்யான சரித்திரம் நம் பெருமைக்கு அவ்வளவு தோதானதல்ல. அதைப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

ஸ்டோவின் நாவல் 1852-ல் புத்தகமாக வந்தது. முதல் வருஷத்திலேயே அமெரிக்காவில் மட்டும் மூன்று லட்சம் பிரதிகள் விற்றன. தெற்கத்தியர்கள் பொய்க்கதை என்று கூச்சலிட்டபோது, 1853-ல் ஸ்டோவ் தன் நாவலுக்கு ஆதாரமான விளம்பரங்களையும் கோர்ட்டு வழக்குகளையும் தொகுத்து இன்னொரு புத்தகம் போட்டார். கதை எழுதினவர் ரசீதும் கொடுத்தார். ஆனால் ஜனங்கள் ரசீதைப் படிக்கவில்லை, நாடகத்தைப் பார்த்தார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிந்து, ஸ்டோவ் இறந்த பிறகும் ஊர் ஊராக அந்த நாடகம் நடந்துகொண்டிருந்தது.

1901-ல் அப்படி ஒரு நாடகத்தைப் பார்த்துக் கொதித்துப்போனவர் தாமஸ் டிக்ஸன். வட கரோலினாக்காரர், பாப்டிஸ்ட் பிரசங்கி, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்ஸனோடு படித்தவர். தெற்கின் 'உண்மைக் கதை'யைத் தான் சொல்வதென்று தீர்மானித்து 1902-ல் 'தி லெப்பர்ட்ஸ் ஸ்பாட்ஸ்' எழுதினார். ஸ்டோவின் கொடிய எஜமானன் சைமன் லெக்ரீயையே தன் நாவலுக்குள் இழுத்துவந்து வேறு வேஷம் கட்டினார். 1905-ல் 'தி கிளான்ஸ்மன்'. அதே வருஷம் அதன் நாடகம். கு க்ளக்ஸ் க்ளான் என்கிற முகமூடிக் கும்பலை அதில் வீரர்களாக்கினார். இந்தக் கதைதான் டி.டபிள்யு. கிரிஃபித்தின் கைக்கு வந்து, 1915 பிப்ரவரி 8 அன்று லாஸ் ஏஞ்சலீஸில், பன்னிரண்டு ரீல், ஏறத்தாழ மூன்று மணி நேரப் படமாகத் திரைக்கு வந்தது.

படம் எந்தச் சரித்திரத்தின் மேல் ஏறி நிற்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். போர் முடிந்த 1865 முதல் 1877 வரையுள்ள காலத்தைப் புனரமைப்புக் காலம் என்கிறார்கள். அடிமைகளாக இருந்தவர்கள் ஓட்டுப் போட்டார்கள், சட்டசபைக்கு வந்தார்கள். தென் கரோலினாவின் கீழ்ச்சபையில் கறுப்பர்களே பெரும்பான்மையாக இருந்தார்கள். 1868-ல் அந்த மாநிலத்துக்கு எழுதப்பட்ட அரசியல் சட்டம்தான் அங்கே எல்லோருக்குமான பொதுப் பள்ளிக்கூடத்துக்கு வழி செய்தது. அந்தச் சட்டத்தை எழுதிய மகாநாட்டில் ராபர்ட் ஸ்மால்ஸ் என்பவர் இருந்தார். 1862 மே மாதம், சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், எஜமானர்களின் 'பிளான்டர்' என்ற கப்பலைக் காப்டனின் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓட்டி, கோட்டைகளுக்குரிய சங்கேதங்களைச் சரியாகக் கொடுத்து, மனைவி மக்களோடும் சக அடிமைகளோடும் வடக்கத்திய கடற்படையிடம் சேர்ந்தவர். சேரும் சமயம் சுட்டுவிடாமலிருக்க அவர்கள் ஏற்றிய கொடி ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. பிறகு மாநிலச் சட்டசபையின் இரு சபைகளிலும் இருந்தார், காங்கிரஸுக்கும் போனார். தான் அடிமையாய்ப் பிறந்த எஜமானின் வீட்டை விலைக்கு வாங்கிக் குடியிருந்தார்.

ஸ்மால்ஸ் போன்றவர்கள் உட்கார்ந்த அதே சபையைக் கிரிஃபித் காட்டுகிறார். இது சரித்திர நகல், ஒரு நிழற்படத்தைப் பார்த்து அமைத்தது என்று அட்டை வருகிறது. முதலில் சபைக்கூடம் காலியாகத் தெரிகிறது. நாற்காலிகள், மேஜைகள், எல்லாம் அச்சாக அப்படியே. பிறகு பிம்பம் கரைந்து கூடம் நிரம்புகிறது. மேஜைமேல் காலைத் தூக்கிப்போட்டிருப்பவன், ஒளித்து வைத்துக் குடிப்பவன், மாடத்திலுள்ள வெள்ளைப் பெண்களை வெறிப்பவன். நாற்காலிக்குச் சான்று உண்டு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனின் நடத்தைக்குக் கிடையாது. அந்த ஒரு கரைதலில் முன்னதன் மெய் பின்னதற்கு ஏறிவிடுகிறது.

நான் உத்தியோகம் பார்க்கும் இடத்தில் இது தினசரி சமாசாரம். மோசடிச் செக்கில் முக்கால்வாசி நிஜம்தான். தாள் நிஜம், நம்பர் நிஜம், கணக்கு நிஜம், கணக்கில் பணமும் இருக்கும். பொய் ஒரே ஒரு இடத்தில். மீதி நிஜமெல்லாம் அந்த ஒரு இடத்தை நாம் உற்றுப் பார்க்காமலிருப்பதற்காகவே அங்கே இருக்கின்றன. கிரிஃபித் லிங்கன் கொலையுண்ட நாடக அரங்கை அங்குலம் அங்குலமாகப் பிரதி செய்ததும், வில்ஸன் எழுதிய சரித்திரப் புத்தகத்திலிருந்து அட்டைகளில் மேற்கோள் போட்டதும் இந்த வகையைச் சேர்ந்தவை. நம் கூத்தில் கட்டியக்காரன் என்று ஒருவன் உண்டு. கதைக்கும் சபைக்கும் நடுவே நின்றுகொண்டு ராஜாவையே கேலி செய்துவிட்டுப் போவான். கதை கதைதான் என்ற பிரக்ஞை அவன் தயவில் அறுபடாமல் இருக்கும். மௌனப் படத்தின் அட்டைகளும் அதே இடத்தில்தான் நிற்கின்றன. ஆனால் கிரிஃபித்தின் அட்டை கேலி செய்வதில்லை, சான்றுறுதி செய்கிறது.

இதுவரை சொன்னது உள்ளடக்கத்தைப் பற்றி. இந்த அளவோடு நின்றிருந்தால், பொய் சொன்ன ஒரு படம் என்று ஒதுக்கிவிட்டுப் போயிருக்கலாம். விஷயம் அதன் கடைசிப் பகுதியில் இருக்கிறது.

அங்கே மூன்று இடங்கள். நகரத்தில் ஒரு வீட்டில், கலப்பினத்தவனான துணை கவர்னர், வெள்ளைப் பெண்ணொருத்தியை அடைத்து வைத்துக் கல்யாணத்துக்கு வற்புறுத்துகிறான். வெளியே ஒரு குடிசையில் இன்னொரு வெள்ளைக் குடும்பம். கறுப்புச் சிப்பாய்கள் கதவை உடைக்கிறார்கள். எதிரி கையில் சிக்குமுன் மகளைத் தானே கொன்றுவிடத் தகப்பன் துப்பாக்கிக் கட்டையை ஓங்கியிருக்கிறான். சாலையில் வெள்ளை அங்கியணிந்த கிளான் குதிரைகள். வீடு, குதிரை, குடிசை, குதிரை, கதவு, முகம், குதிரை. துண்டுகள் வரவரச் சிறிதாகின்றன. வாத்திய கோஷ்டி வாக்னரை வாசித்தது. அரங்கில் இருந்தவர்கள் எழுந்து நின்று ஆரவாரித்தார்கள்.

குதிரைகள் சீக்கிரம் வரவேண்டும் என்று பார்க்கிறவனின் மூச்சு கேட்கிறது. அவன் மூளையை யாரும் எதையும் ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை. கறுப்பன் கெட்டவன் என்ற வாக்கியத்தை வைத்தால் ஒருவன் மறுக்கலாம், யோசிக்கலாம், ஆதாரம் கேட்கலாம். குதிரைகள் எப்போது வரும் என்ற தவிப்பை எப்படி மறுப்பது? அது வாக்கியமே அல்ல. அதற்குள் ஒரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது. மூச்சு அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் மூளைக்குத் தகவல் போகிறது. கதை வற்புறுத்துவது கருத்தைக் கொண்டல்ல, காத்திருப்பைக் கொண்டு. யாருக்காகக் காத்திருந்தோமோ அவர்கள் நம்மவர்களாகிவிடுகிறார்கள்.

இதனால் விளைந்தவற்றில் மிக விசித்திரமானது சிலுவை. போருக்குப் பின் டென்னஸியின் புலாஸ்கியில் தோன்றி 1870-களின் துவக்கத்தில் அரசாங்கத்தால் ஒடுக்கப்பட்ட பழைய கிளான், சிலுவை எதையும் கொளுத்தியதில்லை. எரியும் சிலுவை ஸ்காட்லாந்து மலைநாட்டுக் குலங்கள் ஆள்திரட்ட அனுப்பிய அடையாளம். 1810-ல் வால்டர் ஸ்காட் 'தி லேடி ஆஃப் தி லேக்' என்ற காவியத்தில் அதைப் பிரசித்தமாக்கினார். ஸ்காட்டைப் படித்த டிக்ஸன் தன் நாவலில் அதைக் கிளான் கையில் கொடுத்தார். நாவலிலிருந்து படத்துக்குப் போயிற்று. 1915 நவம்பர் 25 இரவு, வில்லியம் ஸிம்மன்ஸ் என்பவர் பதினைந்து பேரளவில் கூட்டிக்கொண்டு ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுன்டன் மேல் ஏறி, ஒரு சிலுவையைக் கொளுத்தி, செத்துப்போன கிளானுக்கு மறுபடி உயிர் கொடுத்தார். பக்கத்து அட்லாண்டாவில் படம் டிசம்பர் 6-ந் தேதி வர இருந்தது. பத்திரிகையில் பட விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே கிளானின் விளம்பரமும் வந்தது. அதன்பின் நூறு வருஷமாகக் கறுப்பர்கள் வீட்டு வாசலில் எரிந்த சிலுவை ஒரு கவிஞன் பாட்டிலிருந்து ஒரு நாவலாசிரியன் திருடியது. கற்பனைப் பொருள் என்பதால் அது சுடாமலில்லை.

படம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை; அப்படிச் சொன்னால் துவக்கத்தில் சொன்ன இரண்டு வாக்கியங்களோடு மூன்றாவது ஒன்றைச் சேர்த்தவனாவேன். அதே 1915 ஆகஸ்டில் ஜார்ஜியாவில் லியோ ஃபிராங்க் என்ற யூதரைக் கும்பல் தூக்கிலிட்ட வெறி ஏற்கனவே காற்றில் இருந்தது. புதிய கிளான் பெருத்தது 1920-க்குப் பின், கூலிக்கு விளம்பரக்காரர்களை அமர்த்திக்கொண்ட பிறகு. 1920-களில் அதன் அங்கத்தினர்கள் பல லட்சம். 1925 ஆகஸ்டில் வாஷிங்டன் வீதியில் முகமூடியில்லாமலே ஆயிரக்கணக்கில் அணிவகுத்தார்கள். ஆனாலும் படத்தின் பங்கு வெறும் யூகமும் அல்ல. டெஸ்மண்ட் ஆங் என்ற பொருளியலாளர் 2023-ல் வெளியிட்ட ஆய்வு, படம் போய்ச் சேர்ந்த மாவட்டங்களில் அதையொட்டிக் கும்பல் கொலைகளும் இனக் கலவரங்களும் கூடியதையும், பிற்காலத்தில் அங்கே கிளான் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்பதையும் காட்டுகிறது. வெறுப்பு முன்பே இருந்தது. அதற்கு ஒரு உருவமும், உடுப்பும், சடங்கும், தான் காப்பாற்ற வந்தவன் என்ற பெருமிதமும் இல்லாமலிருந்தன. கதை கொடுத்தது அவற்றை.

எதிர்ப்பு இல்லாமலில்லை. 1909-ல் தோன்றியிருந்த கறுப்பர் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கம் ஊர் ஊராகப் போராடியது. பாஸ்டனில் 'கார்டியன்' பத்திரிகை ஆசிரியர் வில்லியம் மன்ரோ ட்ராட்டர் 1915 ஏப்ரலில் தியேட்டர் வாசலில் கைதானார். ஒஹையோ, கான்ஸாஸ் மாநிலங்கள் படத்தைத் தடை செய்தன. வில்ஸனின் செயலாளர், ஜனாதிபதி இந்தப் படத்தை அங்கீகரிக்கவில்லை என்று கடிதம் எழுத நேர்ந்தது. பாஸ்டனில் நடந்த ஒரு சம்பவம் அக்காலப் பதிவில் இருக்கிறது. படத்தில் சரித்திர ஆதாரமில்லாத காட்சி ஒன்றைக் காட்டினால் பத்தாயிரம் டாலர் தருகிறேன் என்றார் கிரிஃபித். சங்கத் தலைவர் மூர்ஃபீல்ட் ஸ்டோரி, வழக்கறிஞர், கேட்டார்: துணை கவர்னர் ஒருவர் வெள்ளைப் பெண்ணை அறையில் பூட்டிக் கட்டாயக் கல்யாணம் செய்யப் பார்த்தது எந்தச் சரித்திரத்தில் இருக்கிறது? படத்தை வந்து பாருங்கள் என்பதுதான் கிரிஃபித்தின் பதில். கையை நீட்டினார், ஸ்டோரி கைகுலுக்க மறுத்தார்.

கிரிஃபித்தின் பதிலைச் சாமர்த்தியம் என்று தள்ள முடியாது. அவர் தன் பலம் எங்கே என்று தெரிந்தே பேசினார். வந்து பார்த்தால் குதிரைகளுக்காகக் காத்திருப்பாய், அப்புறம் கேட்கமாட்டாய். வாக்கியத்தை மறுக்கிறவர்கள் வாக்கியத்தைக் கொண்டு வந்தார்கள். அவரிடமிருந்தது வாக்கியம் அல்ல.

இங்கேதான் நம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு வேலை இருக்கிறது. உருவமா உள்ளடக்கமா என்று நம்மிடையே நடந்து அலுத்த சண்டையில், 'பர்த் ஆஃப் எ நேஷன்' இரு கட்சிக்கும் சௌகரியமான உதாரணம். உருவக்காரன், கருத்து நச்சு, டெக்னிக் மகத்தானது, இரண்டையும் பிரித்து ரஸிக்கத் தெரியவேண்டும் என்கிறான். உள்ளடக்கக்காரன், கருத்து நச்சு, ஆகவே டெக்னிக்கைப் பற்றிப் பேசாதே என்கிறான். சண்டையிட்டுக்கொள்ளும் இருவருக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை: டெக்னிக் நிரபராதி. நல்லவன் கையில் நல்லது செய்யும், கெட்டவன் கையில் மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

எனக்கு இதில் சம்மதமில்லை. ஐஸன்ஸ்டைன், கிரிஃபித்திடம் நிறையக் கற்றவர், 1944-ல் டிக்கன்ஸையும் கிரிஃபித்தையும் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு கேள்வியைத் தொட்டார்: இணையாக ஓடி ஒருநாளும் ஒன்றாகாத இந்த இரண்டு கோடுகள், உலகத்தை உள்ளவன் இல்லாதவன் என இரண்டாக மட்டுமே பார்க்கத் தெரிந்த மனோபாவத்தின் நிழல் இல்லையா என்று. அவர் அரசியலை ஏற்றுக்கொள்ளாமலே அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். மீட்பர்கள் என்று ஒரு இடம், ஆபத்து என்று ஒரு இடம், நடுவே குறைந்துகொண்டே வரும் நேரம்: இந்த ஏற்பாட்டில் கதவை உடைக்கிறவன் யார், எதற்காக வந்தான் என்று கேட்க நேரமே வைக்கப்படவில்லை. நேரமின்மையே அதன் உருவம். கேள்வியை அழிப்பது உருவத்தின் வேலையாக இருக்கும்போது, பொய்யைக் கருத்தில் மட்டும் தேடுகிற விமர்சனம் காலிப் பெட்டியைச் சோதனை போடுகிறது.

நாம் கதையையே கைவிட்டவர்கள், சம்பவமில்லாமல் எழுதுகிறவர்கள், நமக்கும் இதற்கும் என்ன என்று சிலர் கேட்கலாம். குதிரைகள் நம்மிடமும் உண்டு. கடைசி வரியில் பளிச்சென்று திறந்து வாசகனை ஒப்புக்கொள்ள வைக்கிற சின்னக் கவிதை ஒரு குதிரை. முதல் பாராவில் எதிரியை நிறுத்தி, நாலாவது பாராவில் விமர்சகனே மீட்பராக வந்து சேர்கிற நம் கட்டுரைகளில் குளம்புச் சத்தம் நன்றாகவே கேட்கிறது. ஐந்நூறு பிரதி அடிக்கிற பத்திரிகையில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்பது அளவைப் பற்றிய ஆறுதல், இயல்பைப் பற்றியதல்ல.

அப்படியானால் கதைக்குப் பதில் என்ன? 1935-ல் டபிள்யு.ஈ.பி. டு பாய்ஸ் புனரமைப்புக் காலத்தைப் பற்றி ஒரு பெரிய சரித்திர நூல் எழுதி, சரித்திரமே பிரசாரமாக்கப்பட்டதைக் கடைசி அத்தியாயத்தில் வைத்தார். பல்கலைக்கழகங்கள் அதை ஒப்புக்கொள்ள இன்னொரு தலைமுறை ஆயிற்று. அவசியமான பதில், தாமதமான பதில். அதற்கு முன்பே உருவத்துக்கு உருவத்தால் பதில் சொன்னவர் ஆஸ்கர் மிஷோ. தென் டகோடாவில் நிலம் வைத்திருந்து, நாவல் எழுதி, தானே வீடு வீடாக விற்றுத் திரிந்த கறுப்பர். அவருடைய 'விதின் அவர் கேட்ஸ்' 1920 ஜனவரியில் ஷிகாகோவில் வந்தது. முந்திய வருஷத்து இனக் கலவரம் ஆறாத ஊர்; மறுபடி கலவரம் வருமென்று தணிக்கைக்காரர்கள் முதலில் மறுத்தார்கள்.

அந்தப் படத்தில் ஒரு நிலச்சுவான்தார் சுடப்பட்டுச் சாகிறான். குத்தகைக்காரக் கறுப்பன் குடித்துவிட்டுச் சுட்டதாகப் பத்திரிகை எழுதுகிறது. பத்திரிகை எழுதியபடியே அந்தக் காட்சி நமக்குக் காட்டப்படுகிறது. நடந்தது வேறு என்பதையும் படம் காட்டுகிறது. ஒரே கொலை, இரண்டு விதம். கண்ணால் பார்த்ததும் ஒருவன் சொன்ன கதையாக இருக்கலாம் என்பதை மிஷோ காட்சியாகவே வைத்துவிடுகிறார். கட்டியக்காரன் திரும்பி வந்துவிட்டான். பிறகு கிரிஃபித்தின் அதே வெட்டு: ஒரு பக்கம் குத்தகைக்காரனையும் மனைவியையும் கும்பல் தூக்கிலிட்டுக் கொளுத்துகிறது, இன்னொரு பக்கம் அவர்கள் வளர்த்த பெண்ணை ஒரு வெள்ளையன் பலாத்காரம் செய்ய முயல்கிறான். துண்டு, துண்டு, துண்டு. குதிரைகள் வரவில்லை. அவன் கை நிற்பது அவள் மார்பிலுள்ள ஒரு தழும்பைப் பார்த்து. அவள் அவனுக்கே பிறந்தவள். மீட்பர் வேஷம் போட்ட இனம் எதைச் செய்துவிட்டு மீட்கக் கிளம்பியது என்று கேட்க அந்த ஒரு தழும்பு நேரம் உண்டாக்குகிறது.

மிஷோவின் படம் பல பத்தாண்டுகள் காணாமல் போயிருந்தது. எஞ்சிய ஒரே பிரதி ஸ்பெயினில் கிடைத்து, 1993-ல்தான் சீர்செய்யப்பட்டது. அத்தனை காலமும் கிரிஃபித்தின் படம் சினிமாப் பாடமாகவும், கிளானுக்கு ஆள் சேர்க்கும் சாதனமாகவும் ஓடிக்கொண்டிருந்தது. ராபர்ட் ஸ்மால்ஸ் 1915 பிப்ரவரி 23 அன்று தன் ஊரான போஃபர்ட்டில் இறந்தார். லாஸ் ஏஞ்சலீஸில் படம் வெளியாகி அன்றைக்குப் பதினைந்து நாள்.